கேட்டதற்கு மட்டும் பதில்

ஆம்பூர்,
22-8-1933, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கிருபை எழுதுவது. பாப்பா சுகம். அப்பாவும் அம்மாவும் சுகம். நான் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் பதினோராம் தேதிக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. பத்து நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். தபால்காரர் மேல் குற்றமில்லை, பாப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லை. கீழே ஒரு பல் முளைக்கிறது, ஓயாமல் எச்சில் வடிகிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். அதற்காகக் கடிதம் எழுத முடியாமல் போகுமா? நான் ஏன் எழுதவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தைப் பற்றி.

மூன்று தாள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரைத் தாள் படகுப் பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைப் பற்றி. எத்தனை அங்குல உயரம், அதில் யார் யார் பெயர் செதுக்குவார்கள், உங்கள் கம்பெனி ஹார்ட்லி துரை தோளில் தட்டி என்ன சொன்னார், துரைசாணி உங்களுக்குத் தன் கையாலேயே சர்பத் கொடுத்தது, எல்லாம் இருக்கிறது. இரண்டாம் தாளின் பின்பக்கத்தில் நாலே வரி. அந்த நாலு வரியை நீங்கள் எழுதியபடியே திருப்பி எழுதுகிறேன். எழுதினபோது உங்களுக்குக் கேட்காதது இப்போதாவது கேட்கட்டும்.

“இரண்டாவது மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பின்னால் வந்த ஒரு படகு கவிழ்ந்துவிட்டது, அதன் துரை படகின் மேல் ஏறிக்கொண்டார். கன்னியப்பன் என்கிற கூலியாள் தண்ணீரில் இருந்தான். கீழ்ப்பக்கம் வழி இருக்கிறதா என்று துரை கேட்டார். இருக்கிறது சார் என்றேன்.”

அவ்வளவுதான். அடுத்த வரியில் கோப்பை வந்துவிடுகிறது. அந்த ஆள் செத்துப்போனான் என்பதையே மூன்றாம் தாளில், விசாரணை என்ற பேச்சு வரும்போதுதான் சொல்கிறீர்கள்.

அத்தான், நான் படகைக் கண்ணால் கண்டவள் அல்ல. பாலாற்றில் மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் வந்தாலே கரையோடு நிற்கிறவள். ஆனாலும் உங்கள் படகில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துரை பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறார். காற்று அடிக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கத்தைப் பாய் மறைத்துவிடுகிறது, துரைக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பாய்க்கு அடியில் குனிந்து பார்த்து என்ன இருக்கிறது என்று சொல்வது உங்கள் வேலை. அதற்கும், படகு கவிழாமல் மறுபக்கம் பாரம் கொடுப்பதற்கும்தான் உங்களை ஏற்றினார்கள். ‘ஆடிக் காற்றுக்கு நூற்று அறுபது ராத்தல் ஆள் வேண்டும்’ என்று துரை சொன்னாராம், ஆபீசிலேயே உங்களைத் தராசில் நிறுத்தினாராம். ஈரத்தோல் மூட்டையை நிறுத்துகிற தராசு அது. அதைப் பெருமையாக எழுதினீர்கள், நானும் படித்துச் சிரித்தேன்.

ஆக, துரைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தப் படகில் இருந்த கண் உங்களுடையது.

அவர் வழியைக் கேட்டார், நீங்கள் வழியைச் சொன்னீர்கள். போட்டிப் படகு எதுவும் குறுக்கே இல்லை, அது நிசம். ஒரு மனுஷன் தலை மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தான். அதைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. சரக்குக் கப்பலில் ஏறிவிட்டதா என்று கேட்டால் ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லி, பாதி நனைந்துவிட்டது என்பதைக் கேட்கும் வரை சொல்லாமல் இருக்கிற ஆபீஸ் வழக்கம் இருக்கிறதே, அதைக் கடல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

இதற்கு உங்களை மட்டும் திட்டினால் நான் பொய்க்காரி. வேலூர் ஆபீஸ் வேலை உங்கள் வாயால்தான் போயிற்று. மானேஜர் ஒன்று கேட்டால் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். கல்யாணமான புதிதில் அந்த நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தோமே, அப்போது நான்தான் உங்களை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். காலேஜில் படித்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு. ‘துரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூடப் போடாதீர்கள்’ என்று தினம் தினம் சொன்னேன். நான் துரை மாதிரி கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் நீண்டால் மேசையைத் தட்டுவேன். நீங்கள் நல்ல மாணாக்கராக இருந்தீர்கள். ஐந்தாம் தேதி சாயங்காலம் அந்தப் படகில் என் பாடத்தை ஒப்பித்திருக்கிறீர்கள். உங்கள் மேல் வருகிற கோபம் கொஞ்ச தூரம் போய் என் மேலேயே திரும்புகிறது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கே மேற்கே கறுத்தது. காற்று அடித்த வேகத்தில் நயீம் அகமது சாயபு தோல் ஷாப்பில் காயப் போட்டிருந்த தோலெல்லாம் பறந்து ரயில் ரோடு வரைக்கும் போய் விழுந்தது. ஆட்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். சாயபு வந்து, “தோலு போனா போவுது, கூரைத் தகரம் பறக்குது, எல்லாரும் உள்ளே வாங்கடா” என்று கத்தினாராம். அப்பா அங்கே வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னார். அந்த மேகம்தான் எங்கள் தலைக்கு மேல் போய், சாயங்காலம் உங்கள் கடலுக்கு வந்திருக்கிறது. துறைமுகக் கம்பத்தில் புயல் அடையாளம் ஏற்றியிருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏற்றியும் பந்தயம் நடந்தது, ஏனென்றால் கோப்பை கொடுக்க வந்த விருந்தாளி மறுநாள் ஊட்டிக்குப் போகிறார். பந்தயத்துக்குப் பின்னாலேயே வர வேண்டிய மோட்டார் படகு அந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வேடிக்கை காட்டப் போய்விட்டது. இலவம் பஞ்சு வைத்த மிதவைச் சட்டைகள் கொட்டகையிலேயே கிடந்தன, ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டால் மற்ற துரைமார் சிரிப்பார்கள். அதுவும் காவல்காரன் தலைக்கு வைத்துத் தூங்கித் தூங்கிப் பஞ்சு தட்டையாகிவிட்டது என்கிறீர்கள். இவ்வளவையும் வேடிக்கைபோல எழுதுகிறீர்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ‘இது சரியில்லை’ என்று வாய்திறந்து சொல்லியிருக்கலாம். ஐந்து படகு, பத்துப் பேர், கரையில் நூறு பேர். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

விதி தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜூன் மாதம் அந்தப் படகுக் கழகத்தின் சிறு புத்தகத்தை அனுப்பி, இங்கிலீஷ் கடினமாக இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடு என்றீர்கள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். ‘தண்ணீரில் ஆபத்திலிருக்கும் எவருக்கும், எந்தப் படகுக்கும், அருகிலுள்ள போட்டிப் படகு தன்னால் ஆன உதவியெல்லாம் செய்யக் கடவது. அப்படிச் செய்ததால் பந்தயத்தில் அதற்கு நஷ்டம் வரலாகாது.’ இது நான் எழுதிய தமிழ். திரும்பிப் போயிருந்தால் பந்தயத்தை மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு நஷ்டமும் இல்லாத இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கோவிந்தசாமியை நினைவிருக்கிறதா? போன வருஷம் இங்கே வந்திருந்தபோது அப்பா உங்களை ஷாப்புக்கு அழைத்துப் போனார். கழிவுக் கிணற்றில் ஆள் இறங்கிச் சேறு வாரிக்கொண்டிருந்தான். உள்ளே கெட்ட காற்று, மயக்கம் போட்டால் போட்டதுதான். மேலே கோவிந்தசாமி கயிறு பிடித்து நின்றான். அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை கிடையாது, பீடி பற்றவைக்கக்கூட அனுமதி கிடையாது. ஓயாமல் பேச வேண்டும், கீழே இருக்கிறவன் ஓயாமல் பதில் சொல்ல வேண்டும், பதில் நின்றால் இழுத்துவிட வேண்டும். அதுதான் அங்கே முறை. “இன்னாடா, சத்தத்தையே காணோம், தூங்கிட்டியா? பொண்டாட்டியக் கூட்டியாந்து எழுப்பட்டா?” என்று அவன் கேட்க, “நீ மேலே நின்னு கதை பேசு, நாத்தம் எனக்குதானே” என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. நீங்கள் வீட்டுக்கு வந்து அதை இரண்டு நாள் நடித்துக் காட்டினீர்கள். பேசியே சம்பாதிக்கிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான், எனக்கு இதை வாங்கிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அப்படிப்பட்ட மனுஷன் நீங்கள்.

இனி, நான் ஏன் தாமதித்தேன் என்பது.

மூன்றாம் தாளில் நீங்கள் கேட்டிருந்த கேள்வி. வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, துறைமுக ஆபீசில் விசாரணை. ஹார்ட்லி துரை ஒரு காகிதம் டைப் அடித்து வைத்திருக்கிறார். படகில் இருந்த இருவரும் தண்ணீரில் யாரையும் காணவில்லை, இறந்தவன் குடித்திருந்தான், அவனுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருக்கிறது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஆம்பூரில் திறக்கப்போகிற கிளைக்கு உங்களை அனுப்புவார். ‘நீயும் நானும் பாப்பாவும் ஒரே வீட்டில் இருக்கலாம். நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

அத்தான், நான் ‘போடுங்கள்’ என்று எழுதினேன். பதினான்காம் தேதி எழுதி, ஒட்டி, விலாசமும் எழுதிவிட்டேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. பிரசவத்துக்கு வந்தவள் ஏழு மாதமாகப் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாளே என்று ஊரார் கேட்கும் கேள்விக்கு முடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டின் சமையலறையைப் பார்த்தேன். எந்த மூலையில் தொட்டில் கட்டலாம் என்றுகூடப் பார்த்தேன். செத்தவனை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவன் பெயரை உங்கள் கடிதத்தில் படித்திருந்தும் அது ஒரு பெயராக என் காதில் விழவில்லை.

மறுநாள் தபாலில் போடலாம் என்றிருந்தபோது ஆக்னஸ் கடிதம் வந்தது. என்னோடு காலேஜில் ஒரே அறையில் இருந்தவள், நம் கல்யாணத்தில் பாட்டுப் பாடினாளே, அவள்தான். ராயபுரத்துக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நீங்கள் அந்தப் படகில் இருந்தது அவளுக்குத் தெரியாது. குப்பத்துச் சேதியாக எழுதியிருக்கிறாள். கன்னியப்பன் மகள் இவள் வகுப்பில் படிக்கிறாள், எட்டு வயது. துக்கம் கேட்கப் போனபோது பெண்சாதி எல்லம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். “கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாரு டீச்சரம்மா. கரைக்கு எடுத்தாந்தப்போ மஞ்சக் கயிறு கையிலேயே இருந்திச்சு. காப்புக் கட்டினவரு எப்படிக் குடிப்பாரு? தண்ணியிலேயே பொறந்து வளந்தவருக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதுறாங்களாமே, அதையாச்சும் மாத்தி எழுதச் சொல்லுங்க. பாயோட கட்டை மண்டையில அடிச்சிருக்குது, காயத்தை நான் தொட்டுப் பாத்தேன்.” கழகத்திலிருந்து ஒரு ஆள் வந்து, அவர் குடிகாரர்தான் என்று கைநாட்டு வைத்தால் ஏதோ கொடுப்பதாகச் சொன்னானாம். துடைப்பத்தை எடுத்து விரட்டினாளாம்.

கடைசியாக எல்லம்மா ஆக்னஸிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். “அத்தினி படகு போச்சே, ஒரு ஆளு கூடவா பாக்கல?”

அன்றைக்கு நான் எழுதி ஒட்டிய கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. கைப்பிள்ளைக்காரி, புருஷன் வேலை போனால் என்ன ஆவது என்கிற பயம்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கிளை சமாசாரம் தெரியும், மற்றது தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளைக்கு ஒண்ணும் எழுதாதேம்மா. செத்தவன் திரும்பி வரப் போறானா? துரைமாரோட பேஜார் வெச்சுக்கிட்டா வேற கம்பெனியிலும் சேக்க மாட்டாங்க” என்றார். நான், கோவிந்தசாமி கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டேன். “அது ஷாப்பு. இது துரைங்க விளையாட்டு. ரெண்டும் ஒண்ணா?” என்றார். இரண்டிலும் தண்ணீருக்குள் இறங்குகிறவன் ஒரே ஆள்தான் அப்பா என்றேன். இன்று காலை காப்பி குடிக்காமலே வேலைக்குப் போய்விட்டார். அவர் மனம் மாறவில்லை. மாறும் என்று காத்திருக்க எனக்கு நாளும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது உங்களுக்கு எளிது, எனக்குப் போதாது. வெள்ளிக்கிழமை அங்கே போய், பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும் சொல்லாதீர்கள். அடையாளம் ஏற்றியும் புறப்பட்டதைச் சொல்லுங்கள். மோட்டார் படகு எங்கே போயிற்று என்று சொல்லுங்கள். மிதவைச் சட்டை கொட்டகையில் கிடந்ததைச் சொல்லுங்கள். கன்னியப்பன் கையைத் தூக்கினானா, கூப்பிட்டானா, எவ்வளவு தூரத்தில் இருந்தான், எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதவில்லை, அவர்களுக்குச் சொல்லுங்கள். துரை பார்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அது உண்மை, அந்த நியாயம் அவருக்கும் சேர வேண்டும். ‘என்னிடம் வழியைக் கேட்டார், ஆளைப் பார்த்தும் நான் சொல்லவில்லை’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் வேண்டாம், நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் அதற்கு உதவாது. தமிழில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள்.

வேலை போகும். எனக்குத் தெரிந்தே எழுதுகிறேன். நம் சபைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை இருக்கிறது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபின் வரலாம் என்று அங்கே தலைமை பார்க்கும் பெரியம்மா முன்பே சொல்லியிருந்தார்கள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தேன். கேட்காமலே நேற்றுச் சரி என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் சரி.

இனி நான் எழுதப்போவதைச் சண்டைக்காக எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த ஊர்க் கிளைக்கு வந்தாலும் நான் உங்களை விட்டுப் போகமாட்டேன். ஸ்டேஷன் வீட்டில் குடியிருப்போம். சோறு வடிப்பேன், சட்டைக்குக் கஞ்சி போடுவேன், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவேன். நீங்கள் ஏதாவது கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வேன். அவ்வளவுதான் சொல்வேன். அப்படி ஒரு வீட்டை நினைத்துத்தான் எனக்குப் பயம். வேலை போவதற்கு இவ்வளவு பயமில்லை.

பாப்பாவுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நீங்கள் வந்துதான் பெயர் சொல்ல வேண்டும் என்று பாதிரி ஐயரிடம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். விசாரணை முடிந்த கையோடு, வேலையோ வேலையில்லையோ, பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் குப்பத்துக்கு ஒரு நடை போங்கள். ஆக்னஸ் கூட வருவாள், அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், நீங்கள் யார் என்றும் எழுதிவிட்டேன். எல்லம்மா திட்டுவாள். நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்தக் கடிதம் புதன்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. சாப்பிடுங்கள், தூங்குங்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானும் பாப்பாவும் இங்கே முழங்காலில் இருப்போம். கடலையும் உங்களையும் உண்டாக்கின ஆண்டவர் அந்த நேரத்தில் உங்கள் வாயைத் திறப்பாராக.

உங்கள் பதிலுக்கு ஏங்கியிருக்கும் மனைவி,
தேவகிருபை சத்தியநாதன்.